தீர்வை இல்லை என்றார்கள், பிறகு ஏன் பிரான்சின் கலே துறைமுகத்தில் காசு கேட்கிறார்கள்? (பிரெக்ஸிட் ஒப்பந்தம், ஆள் நடமாட்டம்)

லாச்சப்பல்_கடை:

வணக்கம். விசயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். 2020 டிசம்பரில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் போட்ட ஒப்பந்தத்தில் தீர்வையும் இல்லை, கோட்டாவும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் லண்டன் மொத்த வியாபாரியிடம் எடுக்கிற இந்திய அரிசிக்கும் இலங்கைச் சாமானுக்கும் பிரான்சுக்குள் வரும்போது தீர்வை கேட்கிறார்கள். நெய், மாசிக்கருவாடு என்றால் லொறிக்காரர் ஏற்றவே மாட்டேன் என்கிறார். இது முதல் கேள்வி.

இரண்டாவது: ஆள் போக்குவரத்தை நிப்பாட்டினபடியால்தான் ஒன்றியம் பழிவாங்குது என்று சனம் கதைக்கிறது. சாமானுக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம்? சுவிசும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை, அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மூன்றாவது: பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற எங்கட ஆக்கள் இனி லண்டனில் போய் இருக்க வழி இருக்கா?

ஒப்பந்தவாசகன்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றதில் பாதி தானாகத் தெளியும்.

பழிவாங்கல் என்பதை ஏற்க முடியாது. சரக்கு, சேவை, மூலதனம், ஆள் என்ற நான்கும் 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே ஒரே கட்டாகத்தான் வந்தன. அது ஒரு பேரம். எல்லையைத் திறந்தால் பலமான தொழில் உள்ள நாடு சரக்கை விற்று லாபம் பார்க்கும். போட்டியில் வேலை இழந்தவனுக்கு என்ன வழி? வேலை இருக்கிற நாட்டுக்கு அவன் போகலாம் என்பதுதான் ஈடு. அந்தக் காலத்தில் இதை விடாப்பிடியாகக் கேட்டது இத்தாலி. பிறகு 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தபோதும் இதே கணக்குத்தான். அன்று பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் கதவை உடனே திறந்தன. ஜெர்மனி விதி அனுமதித்த 7 ஆண்டையும் முழுசாக எடுத்துக்கொண்டு 2011இல்தான் திறந்தது. பிரிட்டனுக்கு வந்த கூட்டத்துக்கு இது ஒரு பெரிய காரணம். பிரசல்ஸ் கட்டாயப்படுத்தியது என்று பின்னாளில் பேசியவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. ஒன்றியத்தின் விதிப்படியே, மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் வேலையோ சுயதொழிலோ படிப்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தப் பணமும் மருத்துவக் காப்பீடும் இருக்க வேண்டும். வந்தவரைப் பதிவு செய்யும் கட்டாயத்தைக்கூட பிரிட்டன் வைத்திருக்கவில்லை. பதிவேடே இல்லாதபோது யாரைப் பார்த்துத் திரும்பிப் போ என்று சொல்வது?

இனி நாடுகள். சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை, தடையற்ற வணிக ஒப்பந்தம் மூன்றும் வேறு வேறு. சுங்க ஒன்றியம் என்றால் உள்ளே தீர்வை இல்லை, வெளியாருக்கு எல்லோரும் ஒரே தீர்வை. ஒற்றைச் சந்தை என்றால் பொருளுக்கும் சேவைக்கும் ஒரே விதி. தடையற்ற வணிக ஒப்பந்தம் என்றால் அவரவர் நாட்டில் உருவான பொருளுக்கு மட்டும் தீர்வை விலக்கு. நார்வேயையும் துருக்கியையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று புரியும்.

நார்வே 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. ஒற்றைச் சந்தை உண்டு, ஆள் நடமாட்டம் முழுசாக உண்டு, ஆனால் சுங்க ஒன்றியம் கிடையாது. விவசாயமும் மீனும் பெரும்பாலும் வெளியே. அதனால் ஸ்வீடன் எல்லையில் ஸ்வினேசுண்டில் இன்றும் சுங்கச்சாவடி இருக்கிறது, லாரிக்குப் பத்திரம் போட வேண்டும். கார் ஓட்டிப் போகிறவர் நிற்காமல் போவார்.

துருக்கி நேர் எதிர். 1995 கடைசியிலிருந்து தொழில்சாலைப் பொருளுக்குச் சுங்க ஒன்றியம். ஏ.டி.ஆர் என்ற ஒரே சான்றிதழோடு சரக்கு தீர்வையின்றிப் போகும், எந்த நாட்டு உதிரிபாகம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் துருக்கி டிரைவருக்கு விசா வேண்டும், லாரிக்கு அந்தந்த நாட்டு பெர்மிட் கோட்டா வேண்டும். பல்கேரியா எல்லையில் கபிகுலே வரிசை பெயர்பெற்றது. ஓட்டுகிறவன் நகர முடியாவிட்டால் சரக்கும் நகராது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

சுவிஸ் கதைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1999இல் கையெழுத்தான ஏழு ஒப்பந்தங்கள், ஆள் நடமாட்டமும் அதில் ஒன்று. ஒன்றை ரத்து செய்தால் ஆறு மாதத்தில் ஏழும் விழுந்துவிடும் என்று ஒரு விதியைச் சேர்த்தே வைத்தார்கள். கில்லட்டின் விதி என்பார்கள். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று சுவிஸ் மக்கள் 50.3 சதவீதத்தில் வாக்களித்தார்கள். குரோஷியாவுக்கு நடமாட்ட உரிமையை நீட்டிக்கும் உடன்பாட்டில் சுவிஸ் அரசு கையெழுத்திட முடியாமல் போனது. ஒன்றியம் உடனே ஆராய்ச்சி நிதித் திட்டத்திலும் எராஸ்மஸ் மாணவர் திட்டத்திலும் பேச்சை நிறுத்தியது. கடைசியில் 2016இல் சுவிஸ் நாடாளுமன்றம் உச்சவரம்பே இல்லாத ஒரு சட்டம் போட்டது. வேலையின்மை குறிப்பிட்ட அளவைத் தாண்டிய தொழில்களில், காலியிடத்தை முதலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். ஐந்து வேலைநாள் உள்ளூர் வேலைதேடுவோருக்கு மட்டும் அது தெரியும். பிறகுதான் வெளியே விளம்பரம். 2018இல் இந்த அளவு 8 சதவீதம், 2020 முதல் 5 சதவீதம். 2020 செப்டம்பரில் நடமாட்ட ஒப்பந்தத்தையே முறிக்கலாமா என்று கேட்டபோது 61.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கில்லட்டின் என்ன செய்யும் என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உச்சவரம்பு வாங்கியது ஒரே ஒரு நாடு, லீக்டன்ஸ்டைன். வேலை செய்ய வருவோருக்கு ஆண்டுக்கு 56 வதிவிட அனுமதி, வேலை செய்யாதோருக்கு 16. அதில் பாதி குலுக்கல் சீட்டில். மொத்த மக்கள்தொகையே 40,000 அளவுதான். "லீக்டன்ஸ்டைனுக்குக் கொடுத்தாயே" என்று பிரிட்டன் போய்க் கேட்க முடியாது.

சரக்கு_முகவர்:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன்.

ஒப்பந்தம் பூஜ்யத் தீர்வை தருவது பிரிட்டனிலிருந்து வரும் சரக்குக்கு என்று நினைக்கிறீர்கள். அது தருவது பிரிட்டனில் உருவான சரக்குக்கு. ஆரிஜின் விதி என்பது இதுதான். இந்தியாவில் விளைந்த அரிசியை லண்டனில் 50 கிலோ மூட்டையிலிருந்து 5 கிலோ பையில் மாற்றினாலும் அது இந்திய அரிசிதான். சலிப்பது, தரம் பிரிப்பது, லேபிள் ஒட்டுவது, சும்மா கலப்பது, பை மாற்றுவது எதுவும் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஆகவே பிரான்சில் அதற்கு இந்தியாவிலிருந்து நேரே வந்த அரிசிக்கான தீர்வைதான். லண்டனில் இறக்கியபோது மொத்த வியாபாரி பிரிட்டிஷ் தீர்வையும் கட்டியிருப்பார். அது விலையில் இருக்கும். ஆக ஒரே மூட்டைக்கு இரண்டு தடவை.

இதைவிட வேடிக்கை, ஒன்றியத்துச் சரக்கே மாட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் செய்த மிட்டாய் லண்டன் கிடங்குக்கு வந்து, பெட்டி மாறாமல் டப்ளினுக்குப் போனாலும் தீர்வை விழலாம். திரும்பி வரும் சரக்குக்கான விலக்கு இருக்கிறது: மூன்று ஆண்டுக்குள், மாற்றம் எதுவும் செய்யாமல், எப்போது வெளியே போனது என்ற ஆவணத்தோடு. அந்த ஆவணம் பெரும்பாலும் முதல் விற்பனையாளரிடம் இருக்கும், உங்களிடம் இருக்காது.

இலங்கைச் சாமானுக்கு இன்னொரு நட்டமும் உண்டு. வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை இலங்கைக்கு 2017 மே முதல் திரும்ப இருக்கிறது. கொழும்பிலிருந்து நேரே ல ஹாவ்ரோ ஆண்ட்வெர்ப்போ வந்தால் பல பொருளுக்குத் தீர்வையே இல்லை. வழியில் லண்டனில் கிளியர் செய்துவிட்டால் சலுகை போச்சு. வழியில் நிற்கும் நாட்டில் அது சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டன் தன் பங்குக்கு 2023 ஜூன் முதல் ஒரு சலுகைத் திட்டம் வைத்திருக்கிறது. அது பிரிட்டனுக்குள் வர மட்டும் உதவும்.

வழி என்றால் இரண்டு. ஒன்று, மொத்த வியாபாரியின் சரக்கு பிரிட்டனில் தீர்வை கட்டாமல் சுங்கப் பண்டகசாலையில் இருந்து, அங்கிருந்து டி1 டிரான்சிட்டில் (தீர்வை கட்டாத சரக்கைச் சுங்கக் கண்காணிப்பிலேயே கொண்டுபோகும் ஏற்பாடு) பிரான்ஸ் வர வேண்டும். பிரான்சில் மட்டும் கட்டினால் போதும். டி1க்கு வங்கி உத்தரவாதம் வைத்திருக்கும் ஏஜென்ட் வேண்டும். போய்ச்சேர்ந்த சுங்க அலுவலகத்தில் அந்த டி1ஐ மூடாமல் விட்டால் உத்தரவாதத்திலிருந்து பிடிப்பார்கள், இதுதான் அடிக்கடி கெட்டுப்போகும் இடம். இரண்டாவது வழி, நாலு கடை சேர்ந்து ஒரு கண்டெய்னரை நேரே இறக்குவது. மாதம் ஒரு கண்டெய்னர் ஓடுமளவு வியாபாரம் இருந்தால் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள்.

உண்மையாகவே பிரிட்டனில் செய்த பொருள் (பிஸ்கட், சாஸ் மாதிரி) வாங்கினால் இன்வாய்சில் ஆரிஜின் வாசகம் வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள வாசகத்தை எழுத்து மாறாமல் போட்டு, ஏற்றுமதியாளரின் ஜிபி இஓஆர்ஐ என்ற பிரிட்டிஷ் சுங்கப் பதிவு எண்ணைச் சேர்க்க வேண்டும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்கினால் 12 மாதத்துக்கு ஒரே வாசகம் போதும். மறுபக்கம், ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குப் போகும் சரக்கு 6,000 யூரோவைத் தாண்டினால் ஏற்றுமதியாளருக்கு ரெக்ஸ் என்ற பதிவு எண் வேண்டும். "மேட் இன் யுகே" என்று அட்டையில் அச்சடித்திருப்பதை வைத்து எந்த சுங்கமும் சலுகை தராது.

நெய், கருவாடு. விலங்கு, மீன், பால் சம்பந்தப்பட்ட எதற்கும் ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அங்கீகரித்த கால்நடை மருத்துவர் பார்த்து, பிரெஞ்சு மொழிப் பிரதியோடு கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். கையெழுத்து அச்செழுத்தின் நிறத்திலிருந்து மாறி இருக்க வேண்டும். கறுப்பு மையில் போட்ட கையெழுத்துக்காக பேலட் நின்றிருக்கிறது. டிரேசஸ் என்ற ஒன்றியத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே அறிவித்து, கால்நடைச் சோதனை உள்ள எல்லைச்சாவடி வழியாகத்தான் வர வேண்டும். மீனுக்கு அதன்மேல் பிடிப்புச் சான்றிதழும்.

லொறிக்காரர் மறுப்பதற்குக் காரணம் கலே முறை. ஏற்றும்போது லாரியிலுள்ள எல்லாச் சுங்க எண்களையும் ஒரே உறையாகச் சேர்த்து, கடலின் அந்தப் பக்கத்திலேயே நம்பர் பிளேட்டோடு இணைத்துவிடுவார்கள். கப்பலில் வரும் நேரத்தில் கணினி முடிவு செய்யும். இறங்கும்போது பச்சை என்றால் நேரே போகலாம், ஆரஞ்சு என்றால் ஓரங்கட்ட வேண்டும். இருபது கடைச் சரக்கு ஏற்றிய லாரியில் உங்கள் இரண்டு பெட்டி நெய்க்குக் காகிதம் சரியில்லை என்றால் இருபது பேரும் நிற்பார்கள். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் மறுப்பார்கள்.

லாச்சப்பல்_கடை:

நன்றி அண்ணை. அப்ப ஒருத்தர் காரில் ஒரு போத்தல் நெய் கொண்டுவந்தாலும் இதே பிரச்சினையா? லண்டன் வியாபாரி எல்லாம் சேர்த்து உங்கட கடை வாசலில் இறக்கித் தருகிறேன் என்று டிடிபி விலை சொல்கிறார், அது நல்லதா?

சரக்கு_முகவர்:

பயணிக்கும் இதே தடைதான். பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருள் சொந்தப் பாவனைக்கும் ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் டிரைவர்களின் ஹாம் சாண்ட்விச்சைப் பறித்தது உலகச் செய்தியே ஆனது. எதிர்த்திசையிலும் 2025 ஏப்ரலிலிருந்து கோமாரிப் பயத்தால் பிரிட்டன் தடை போட்டிருக்கிறது.

டிடிபி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்போது பிரான்சில் இறக்குமதியாளர் அவர். பிரிட்டிஷ் கம்பெனிக்கு ஒன்றிய இஓஆர்ஐ, பிரெஞ்சு வாட் பதிவு, அவருக்காகப் பொறுப்பேற்கும் மறைமுகப் பிரதிநிதி மூன்றும் இருக்க வேண்டும். இவை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் டிஏபியில் (இடம்வரை அவர் கொண்டுவருவார், இறக்குமதியும் தீர்வையும் உங்கள் பொறுப்பு) வாங்கி, உங்கள் ஏஜென்ட் மூலம் நீங்களே கிளியர் செய்யுங்கள். இறக்குமதி வாட்டும் உங்கள் கணக்கிலேயே நேராகும்.

தேம்ஸ்_கரையான்:

ஒப்பந்தவாசகன் சொன்னதோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கட்டமைப்பு அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிடைத்திருக்கக்கூடிய சிலதை லண்டன் தானே கோட்டை விட்டது.

வெளியேறும் நாட்டுக்கு ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவில் இரண்டு ஆண்டுதான் கெடு, நீட்டிக்க எல்லா உறுப்பு நாடும் சம்மதிக்க வேண்டும். என்ன வேண்டும் என்று அமைச்சரவைக்குள்ளேயே முடிவாகாத நிலையில் 2017 மார்ச் 29இல் கடிகாரத்தை ஓட விட்டார்கள். முதலில் பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து எல்லை. அதற்குப் பிறகுதான் வணிகம் என்ற ஒன்றியத்தின் வரிசையை ஜூன் மாதம் பேச்சு தொடங்கிய நாளிலேயே ஏற்றார்கள். கையில் இருந்த காசை முதலிலேயே கொடுத்துவிட்டுப் பிறகு பேரம் பேசிய கதை. அந்த டிசம்பரில் ஒன்றியத்துக்காகப் பேச்சு நடத்திய பார்னியே ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார்: ஐரோப்பிய நீதிமன்றம் வேண்டாம், ஆள் நடமாட்டம் வேண்டாம், தனி வணிகக் கொள்கை வேண்டும் என்று ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் ஒரு படி கீழே. கடைசிப் படியில் கனடா, கொரியா மாதிரி ஒப்பந்தம். மூன்று ஆண்டு கழித்து பிரிட்டன் நின்றது அங்கேதான்.

2020இல் கடைசி வாரம்வரை மீனுக்குச் சண்டை. மீன்பிடி பிரிட்டிஷ் பொருளாதாரத்தில் 0.1 சதவீதம்கூட இருக்குமோ என்னவோ. சேவைத் துறை 80 சதவீதம். ஒரு நாட்டு உரிமத்தோடு ஒன்றியம் முழுக்கத் தொழில் செய்ய வங்கிகளுக்கு இருந்த பாஸ்போர்ட்டிங் உரிமை போனது, தொழில்முறைத் தகுதிகளுக்குத் தானியங்கி அங்கீகாரம் போனது. இவற்றுக்கு யாரும் கொடி பிடிக்கவில்லை.

குறுகிய வேலைப் பயணம் இன்னும் மோசம். விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் ஷெங்கனில் இருக்கலாம், ஆனால் என்ன வேலை செய்யலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல். கூட்டம், கண்காட்சி, ஆர்டர் எடுப்பது, விற்ற இயந்திரத்தை ஒப்பந்தப்படி நிறுவிக் கொடுப்பது எல்லாம் சரி. பொதுமக்களுக்கு நேரடியாக விற்பது கூடாது. அதிலும் நாட்டுக்கு நாடு விலக்கு எழுதியிருக்கிறார்கள், பின்னிணைப்பைப் பார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள். இசைக்கலைஞர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒன்றியம் ஒரு யோசனை வைத்தது, ஆள் நடமாட்டம் மாதிரி இருக்கிறது என்று பிரிட்டன் மறுத்தது. பிரிட்டன் வேறொன்று வைத்தது, ஒன்றியம் மறுத்தது. கச்சேரிச் சாமான் ஏற்றிய பிரிட்டிஷ் லாரியும் ஒன்றியத்துக்குள் இறக்கிய பிறகு இரண்டு ஓட்டம்தான் ஓடலாம். அதிலும் ஒரே நாட்டுக்குள் ஓடுவது ஒன்றுதான், ஏழு நாளுக்குள்.

இவ்வளவும் குடியேற்றத்தைக் குறைக்க என்றார்கள். 2023இல் முடிந்த ஓராண்டுக் கணக்கில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து.

குடிவரவுக்_குறிப்பு:

மூன்றாவது கேள்வி. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் குடியுரிமை எடுத்து லண்டனுக்கும் லெஸ்டருக்கும் வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தக் கதவு 2020 டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு மூடிவிட்டது.

அந்தத் தேதிக்கு முன் பிரிட்டனில் வசித்தவர்கள், ஒன்றியக் குடிமக்கள் அங்கேயே தொடர்ந்து இருப்பதற்கான செட்டில்மென்ட் திட்டத்தில் வருவார்கள். பொதுக் கெடு 2021 ஜூன் 30. தவறவிட்டவர் இன்றும் விண்ணப்பிக்கலாம், ஆனால் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தாமதத்துக்கான காரணத்தை முதல் வாசலிலேயே சல்லடை போட்டுப் பார்க்கிறார்கள். "தெரியாது" என்ற ஒற்றை வரி போதாது.

வெளியே இருக்கும் குடும்பத்தில் உறவு எப்போது தொடங்கியது என்பதுதான் எல்லாம். 2020 டிசம்பர் 31க்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால், செட்டில்ட் நிலையில் உள்ளவரோடு சேர இன்றும் அந்தத் திட்டத்திலேயே வரலாம், வருமான நிபந்தனை கிடையாது. அதற்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் சாதாரண வாழ்க்கைத்துணை விசா, 2024 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் காட்ட வேண்டும். கோயிலில் 2019இல் தாலி கட்டி, பதிவு 2021இல் செய்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 2021இல் செய்த பதிவு கணக்கில் வராது. நிலைத்த துணையாக அதற்கு முன்பே சேர்ந்து வாழ்ந்ததை வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பில்கள் கொண்டு நிரூபிக்க வேண்டியிருக்கும்.

புதிதாகப் போகிற பிரெஞ்சுக் குடிமகனும் சென்னையிலிருந்து போகிறவரும் இப்போது ஒரே வரிசை. ஸ்பான்சர் உரிமம் உள்ள முதலாளி, பட்டப்படிப்பு நிலை வேலை, 2025 ஜூலை முதல் பொதுவாக 41,700 பவுண்ட் சம்பளம். கடை வேலைக்கும் சமையலறை வேலைக்கும் இதில் இடமில்லை. சும்மா பார்க்கப் போவதற்கே 2025 ஏப்ரலிலிருந்து ஈடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதி எடுக்க வேண்டும். அடையாள அட்டையோடு ரயில் ஏறிய காலம் முடிந்தது.

விதிவிலக்கு ஒன்று, ஐரிஷ் குடியுரிமை. பிரிட்டனும் அயர்லாந்தும் ஒன்றியத்தில் சேர்வதற்குப் பல பத்தாண்டு முன்பே அமைத்த பொதுப் பயணப் பகுதி அப்படியே இருக்கிறது. ஐரிஷ் பாஸ்போர்ட் உள்ளவர் விசா இல்லாமல் லண்டனில் இருக்கலாம், உழைக்கலாம். அயர்லாந்தில் வெறுமனே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமகனுக்கு அது கிடையாது, கவனம்.

ஒப்பந்தவாசகன்:

தேம்ஸ்_கரையான் சொன்ன பேச்சுவார்த்தைத் தவறுகள் உண்மை. ஆனாலும் அவற்றைத் திருத்தியிருந்தால் கலேயில் சோதனை இருந்திருக்காது என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவே.

கடைக்காரருக்கு ஒரு தகவல். 2025 மே 19 லண்டன் உச்சிமாநாட்டில் உணவு, கால்நடை, தாவரச் சுகாதாரத்துக்கு ஒரு தனி ஒப்பந்தம் செய்ய இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. ஒன்றியத்தின் உணவு விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும், சட்ட விளக்கத்தில் கடைசிச் சொல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. இதே பேச்சுவார்த்தையில் பிரிட்டன் கொடுத்த இன்னொன்று, ஒன்றியப் படகுகளுக்கு 2038 ஜூன் 30 வரை மீன்பிடி அனுமதி. சுவிசுக்கு இப்படி ஒரு கால்நடை உடன்பாடு இருப்பதால்தான் அவர்களுடைய பாற்கட்டி 2009 முதல் மருத்துவர் கையெழுத்தில்லாமல் எல்லை தாண்டுகிறது. பிரிட்டனில் அது நடைமுறைக்கு வந்தால் பிரிட்டிஷ் நெய்க்குச் சான்றிதழ் தேவைப்படாது, லொறிக்காரரும் ஏற்றுவார். ஆரிஜின் விதியை அது தொடாது. இந்திய அரிசிக்கும் இலங்கைச் சாமானுக்கும் அப்போதும் சரக்கு_முகவர் சொன்ன டி1, இல்லாவிட்டால் நேரடிக் கண்டெய்னர்தான்.